பின் வரிசையில் உட்கார வைக்காதீர்கள்! சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் நம் வகுப்பறைகளும்



சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். மூலனூரில் மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்தபோது, நம்மிடம் சிறு வயதில் ஓதிய ஓர் இளைஞர் ஒரு சிறுவனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஸலாம் சொல்லிவிட்டு, "ஹஜ்ரத், இது எங்க அக்கா பையன். என்னை மாதிரியே இவனுக்கும் எழுத்து நிக்க மாட்டேங்குது. பின்னாடி மட்டும் உட்கார வெச்சிராதீங்க" என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அவரைப் பின் வரிசையில் உட்கார வைத்தவர்கள் நாம்தான். அப்போது அவருக்கு ஒன்பது வயது. அவருடைய நன்னி ஓதுவதைக் கேட்டே யாஸீன் சூராவில் பாதியை மனனம் செய்திருந்தார். ஆனால் கிதாபைத் திறந்தால் பே, தே, ஸே மூன்றும் அவருக்கு ஒன்றாகவே தெரியும். புள்ளி மேலேயா கீழேயா, ஒன்றா இரண்டா என்பது நிற்காது. இவ்வளவு மனனம் செய்கிற பிள்ளைக்கு மூன்று எழுத்து தெரியாமல் போகுமா, சேட்டைதான் என்று நாம் முடிவு கட்டினோம். பிரம்பையும் ஓங்கினோம். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பனியன் கம்பெனி வேனில் ஏறி, கைமடி வேலைக்குப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, வேறொரு பிள்ளைக்காக ஒரு மருத்துவ முகாமுக்குத் துணைக்குச் சென்றபோதுதான், சிறப்பாசிரியர் ஒருவர் 'டிஸ்லெக்சியா' என்பதை நமக்கு விளக்கினார். காதால் கேட்பது மனதில் நிற்கும், எழுத்துதான் பிடிபடாது. இது சோம்பலோ அறிவுக் குறைவோ அல்ல என்று அவர் சொல்லச் சொல்ல, நம் கண் முன்னால் அந்தச் சிறுவன்தான் நின்றான்.

நம்மைப் போல் இன்னொருவர் தவறு செய்யக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. பெற்றோர், ஆசிரியர், உஸ்தாதுமார்கள், ஜமாஅத் நிர்வாகிகள் ஆகியோர் எடுத்து வைத்துக்கொண்டு தேவைப்படும்போது பார்க்கும் விதமாக இதைத் தொகுத்திருக்கிறோம்.

சிறப்புத் தேவை என்றால் என்ன?

'மாற்றுத்திறனாளி' என்றதும் நமக்குச் சக்கர நாற்காலியும் வெள்ளைக் கோலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் வகுப்பறையில் சிரமப்படும் பிள்ளைகளில் பலரைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. பள்ளிப் பிள்ளைகளோடு அதிகம் தொடர்புடையவை இவை:

1. பார்வையின்மை, குறைந்த பார்வை.
2. செவித்திறன் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு.
3. மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு நோய், பிற கை கால் இயக்கக் குறைபாடுகள்.
4. அறிவுசார் குறைபாடு. வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி மெதுவாக இருப்பது.
5. ஆட்டிசம். பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு, சில செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தல், சத்தம் அல்லது வெளிச்சத்தைத் தாங்க முடியாமை.
6. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. வாசிப்பில் வந்தால் டிஸ்லெக்சியா, எழுத்தில் வந்தால் டிஸ்கிராஃபியா, கணக்கில் வந்தால் டிஸ்கால்குலியா.
7. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருப்பது.

கவனக்குறைவு மற்றும் மிகைத் துறுதுறுப்பு இந்த 21 வகைகளில் தனியாக இடம்பெறவில்லை. அதனால் அதற்கென அட்டை கிடைக்காமல் போகலாம். ஆனால் வகுப்பறையில் அந்தப் பிள்ளைக்கும் உதவி தேவை என்பதில் ஐயமில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழகத்தில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் சட்டப் பட்டியலில் வராத காலத்துக் கணக்கு இது. அதாவது நம் வகுப்பறைகளில் அமைதியாகச் சிரமப்படும் பிள்ளைகள் பலர் இந்த எண்ணிக்கைக்கு வெளியே இருக்கிறார்கள்.

உள்ளடக்கிய கல்வி

குறைபாடுள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே வகுப்பில் படிப்பது மட்டும் உள்ளடக்கிய கல்வி ஆகிவிடாது. அந்தப் பிள்ளைக்குத் தக்கவாறு கற்பிக்கும் முறையும் மாற வேண்டும். சட்டமும் அப்படித்தான் விளக்கம் தருகிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் பிள்ளை, பள்ளியில் சேர்க்கப்பட்டிருக்கிறதே தவிர வகுப்பில் சேர்க்கப்படவில்லை.

நமக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. தொழுகை எல்லோருக்கும் கடமை. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். கடமை ஒன்றுதான், நிறைவேற்றும் முறை மாறுகிறது. உட்கார்ந்து தொழுபவரை ஸஃப்பிலிருந்து நாம் வெளியேற்றுவதில்லை. சட்டம் 'நியாயமான வசதி செய்து தருதல்' என்று சொல்வதை இந்த உதாரணத்தோடு வைத்துப் பார்த்தால் நம் மக்களுக்கு எளிதில் விளங்கும்.

உலக அளவில், 1994ஆம் ஆண்டு ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாடுகளின் அரசுப் பிரதிநிதிகள் கூடி, பொதுப்பள்ளிகளே எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் தர வேண்டும் என்று அறிவித்தனர். 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007ஆம் ஆண்டு ஏற்றது. அதன் தொடர்ச்சிதான் 2016ஆம் ஆண்டுச் சட்டம்.

சட்டம் தரும் உரிமைகள்

பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை:

1. அரசு நிதி பெறும் பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியோ, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் (பிரிவு 16). கட்டடம், கழிப்பறை ஆகியவை அந்தப் பிள்ளை பயன்படுத்தும் வகையில் இருக்க வேண்டும்.
2. கற்றல் குறைபாட்டை இளம் வயதிலேயே கண்டறிந்து உரிய வழியில் உதவுவது பள்ளியின் கடமை.
3. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய மாற்றங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது (பிரிவு 17).
4. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பொதுப்பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம் (பிரிவு 31).
5. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடஒதுக்கீடும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு (பிரிவு 32). அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு உண்டு (பிரிவு 34).
6. பள்ளிக்கு வரவே இயலாத அளவுக்குக் கடுமையான அல்லது பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கல்வி உரிமைச் சட்டம் வழங்கியுள்ளது.

இத்தகைய பிள்ளைகளில் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நடைமுறையில் ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றில் சென்று வருவதைத்தான் இன்றும் பார்க்கிறோம். எனவே அவர் வராத நாட்களில் வகுப்பாசிரியரும் வீட்டாரும் என்ன செய்கிறார்கள் என்பதே பிள்ளையின் முன்னேற்றத்தைத் தீர்மானிக்கிறது.

நம் பகுதியில் எங்கே செல்வது?

தாராபுரத்திலிருந்து கரூர் செல்லும் சாலையில் உள்ள மூலனூர், திருப்பூர் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. முருங்கையும் பருத்தியும் விளையும் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பலருக்கும் கஞ்சி ஊற்றுவது பனியன் கம்பெனிதான். சிறப்பு மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள் என்று நினைத்து, பெற்றோர் பலர் முதல் அடியையே எடுத்து வைப்பதில்லை. ஆனால் முதல் வாசல் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

அதுதான் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இது இயங்குகிறது. பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாம்களை நடத்துவது, சிறப்பாசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவது, இயன்முறை சிகிச்சை அளிப்பது, நடக்க இயலாத பிள்ளைகளின் வீட்டுக்கே சென்று கற்பிப்பது, சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, மூன்று சக்கர வண்டி ஆகியவற்றுக்குப் பரிந்துரைப்பது எல்லாம் இதன் வழியாகவே நடக்கின்றன. சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை செலவிடவும், பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை வழங்கவும் இந்தத் திட்டத்தில் இடமுண்டு.

செய்ய வேண்டியவை வரிசையாக:

1. ஐயம் தோன்றியதும் முதலில் கண் பரிசோதனை, காது பரிசோதனை. 'படிப்பு வராத' பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாமல் இருப்பதும், ஆசிரியர் சொல்வது காதில் விழாமல் இருப்பதும் நாம் நினைப்பதைவிட அதிகம்.
2. வகுப்பாசிரியரிடம் பேசி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்ப்பது.
3. முகாமிலோ அரசு மருத்துவமனையிலோ மதிப்பீடு. 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதிக்கிறார்கள். அவர்கள் தரும் பரிந்துரைச் சீட்டைத் தொலைத்து விடாதீர்கள்.
4. யு.டி.ஐ.டி. எனும் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று தேவை. நாடு முழுவதும் செல்லும்.
5. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் உதவித்தொகைக்கு மனு. அறிவுசார் குறைபாடு, கடுமையான பாதிப்பு, தசைச்சிதைவு நோய் உள்ளோருக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்குகிறது.
6. பள்ளி சேர்க்க மறுத்தால், தகவல் பெற வேண்டுமானால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

செவித்திறன் இழந்து பிறந்த குழந்தைகள் விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 6 வயதுக்குட்பட்ட தகுதியான குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவிக்கான அறுவை சிகிச்சை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. மூளை மொழியைக் கற்கும் வயதும் அதுதான். ஆறு வயது கடந்த பிறகு வருந்திப் பயனில்லை.

தாமதப்படுத்தும் நான்கு பேச்சுகள்

நம் வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் நான்கு பேச்சுகள் பிள்ளைகளின் பொன்னான ஆண்டுகளை விழுங்கி விடுகின்றன.

*"போகப் போகச் சரியாயிடும். அவங்க அத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு."* சில பிள்ளைகள் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராத பிள்ளை, பேசிய சொற்களையும் இழந்துவிட்ட பிள்ளை இவர்களை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். காட்டிய பிறகு ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அல்ஹம்துலில்லாஹ். நஷ்டம் ஒரு நாள் கூலி மட்டும்தான்.

*"ஓதிப் பார்த்தால் போதும்."* துஆவும் ஓதிப் பார்த்தலும் மார்க்கத்தில் உண்டு. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நபி (ஸல்) அவர்கள்தான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னதும் அவர்கள்தான். ஊர் ஊராகத் தாயத்துக்கும் தர்காவுக்கும் அலைந்து, மூன்று ஆண்டுகள் கழித்துக் காது பரிசோதனை செய்த குடும்பத்தை நாம் அறிவோம். நம்மைப் போன்ற ஆலிம்களிடம்தான் பெற்றோர் முதலில் வருகிறார்கள். ஓதி ஊதிவிட்டு, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லி அனுப்புவது நம் பொறுப்பு.

*"பெண் பிள்ளைதானே, வீட்டில் இருக்கட்டும்."* கல்வியைத் தேடுவதில் மார்க்கம் ஆண் பெண் வேறுபாடு பார்க்கவில்லை. தன் தேவையைச் சொல்லத் தெரிந்த, பணத்தை எண்ணத் தெரிந்த, தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பெண்ணாக அவள் வளர வேண்டும். பெற்றோர் காலம் முடிந்த பிறகும் அவள் வாழ வேண்டும் அல்லவா?

*"அட்டை வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்கள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமையாது."* இதுதான் எல்லாவற்றையும்விட ஆழமான அச்சம். இந்த அச்சத்துக்குக் காரணம் அந்தக் குடும்பம் அல்ல, சம்பந்தம் பேசும்போது துருவிக் கேட்கும் நாம்தான். அட்டை இல்லாததால் பிள்ளையின் குறை மறையப் போவதில்லை. கிடைக்க வேண்டிய கூடுதல் நேரமும் உதவித்தொகையும்தான் மறைந்து போகும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

பெரிய செலவில்லாமல் எந்த ஆசிரியரும் செய்யக் கூடியவை:

*குறைந்த பார்வை உள்ள பிள்ளைக்கு:* முன் வரிசையில், கரும்பலகையில் வெளிச்சம் பட்டுப் பளபளக்காத பக்கமாக உட்கார வைக்கவும். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவும். வினாத்தாளைப் பெரிய எழுத்தில் நகல் எடுத்துத் தரவும்.

*செவித்திறன் குறைந்த பிள்ளைக்கு:* முகத்தைப் பார்த்துப் பேசவும். பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினால் அந்தப் பிள்ளைக்குப் பாடமே இல்லை. முக்கியமான சொற்களை எழுதிக் காட்டவும். "புரிந்ததா?" என்று கேட்காமல், புரிந்ததைச் சொல்லச் சொல்லவும்.

*டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு:* எல்லோர் முன்னிலையிலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. வரிக்குக் கீழே அட்டை வைத்து வாசிக்கப் பழக்கவும். மணலில் எழுதுதல், உப்புத்தாளில் எழுத்தைத் தடவிப் பார்த்தல் என்று கண், காது, கை மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கவும். வாய்மொழியாகப் பதில் சொல்ல வாய்ப்புத் தரவும். எழுத்துப் பிழைக்காக அறிவியல் பாடத்தில் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை.

*ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு:* அன்றைய நாளின் வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி ஒட்டி வைக்கவும். மாற்றம் இருந்தால் முன்கூட்டியே சொல்லவும். சுருக்கமாக, நேரடியாகப் பேசவும். சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டால் சிறிது நேரம் அமைதியான இடத்தில் இருக்க விடவும். அது அடம் அல்ல.

*அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு:* ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்கவும். மற்றவர்கள் 100 வரை எண்ணும்போது இந்தப் பிள்ளை 10 பொத்தான்களை எண்ணலாம். இலக்கு வேறு, பாராட்டு ஒன்றுதான்.

*துறுதுறுப்பு அதிகமுள்ள பிள்ளைக்கு:* சன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி உட்கார வைக்கவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து செய்யும் வேலை கொடுக்கவும். நோட்டுகளை அடுக்குதல், பலகை துடைத்தல் போன்றவை நல்ல பயிற்சி.

*எல்லோருக்கும்:* அருகில் ஒரு தோழனை அமர்த்துங்கள், ஆனால் அவன் எடுபிடி ஆகிவிடக் கூடாது. சிறப்பாசிரியரோடும் பெற்றோரோடும் சேர்ந்து தனிநபர் கல்வித் திட்டம் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் இந்தப் பிள்ளை எதைக் கற்க வேண்டும், யார் என்ன செய்வது என்று ஒரு பக்கம் போதும். சக மாணவர் பட்டப்பெயர் வைப்பதை முதல் நாளிலேயே நிறுத்துங்கள். பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்குப் பயப்படுவது பாடத்தால் அல்ல, பட்டப்பெயரால்.

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் தகுதியுள்ள மாணவர்களுக்குத் தமிழகத்தில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கி விடுங்கள். கற்றல் குறைபாட்டுச் சான்று பொதுவாக 8 வயதுக்குப் பிறகே தரப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மக்தப் மதரஸாக்கள் கவனத்துக்கு

கல்வி உரிமைச் சட்டம் மதரஸாக்களுக்குப் பொருந்தாது. ஆகவே நம்மிடம் கணக்குக் கேட்க அதிகாரி யாரும் வர மாட்டார். நாளை மறுமையில் கேட்கப்படும் என்ற எண்ணம்தான் நமக்குச் சட்டம்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்றுக்கொள்ள வந்த நேரத்தில் குறைஷித் தலைவர்களிடம் கவனம் இருந்ததற்காக அபஸ சூரா இறங்கிய வரலாற்றை நாம் எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்! பின்னர் அவர் பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்பவராக நியமிக்கப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பு பலமுறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தாபிஈன்களில் பெரும் மேதையான அதா இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) அவர்கள் கால் ஊனமுற்றவர், ஒரு கண் பார்வையற்றவர். மக்காவில் ஃபத்வா வழங்கும் இடத்தில் இருந்தார். அந்தச் சமூகம் அவர்களைப் பின் வரிசையில் வைக்கவில்லை.

நாம் செய்ய முடிந்தவை: எழுத்து நிற்காத பிள்ளைக்குக் கேட்டு மனனம் செய்யும் முறையில் தொடங்கலாம். ஒரே வடிவ எழுத்துகளை ஒரே நாளில் கற்பிக்காமல், ஒன்று நன்றாக நின்ற பிறகு மற்றதைக் கொடுக்கலாம். புள்ளிகளை வேறு நிறத்தில் எழுதிக் காட்டலாம். பார்வையற்றோருக்குப் பிரெய்ல் எழுத்தில் குர்ஆன் அச்சாகியிருக்கிறது. அறிவுசார் குறைபாடு கடுமையாக உள்ளவர் மீது மார்க்கக் கடமைகளே சுமத்தப்படவில்லை என்பது ஃபிக்ஹின் பாலபாடம். அல்லாஹ் கேட்காத பாடத்தை நாம் பிரம்பை வைத்துக் கேட்பது எப்படி நியாயம்? அந்தப் பிள்ளை ஸலாம் சொல்லவும், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிடவும், சுத்தமாக இருக்கவும் பழகினால் அதுவே பெரிய பாடம்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

கம்பெனிக்குச் செல்லும் தாய் ஒருவர் பிள்ளையை வாரம் ஒருமுறை பயிற்சிக்கு அழைத்துச் சென்றால் ஒரு ஷிப்ட் போகிறது. இரண்டு மாதம் இப்படிப் போனால் மேஸ்திரி வேறு ஆளைப் பார்க்கிறார். பிள்ளையின் பயிற்சி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இங்கேதான் ஜமாஅத் கை கொடுக்க வேண்டும்.

1. மஹல்லாவில் உள்ள சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைக் கணக்கெடுத்து, விவரங்களைப் பெற்றோர் அனுமதியின்றி வெளியிடாமல் பாதுகாக்கலாம்.
2. பயிற்சி நாட்களுக்கு ஆட்டோ கட்டணம் தரலாம், தாய்க்குப் பதில் அழைத்துச் செல்ல ஒருவரை ஏற்பாடு செய்யலாம். ஏழைக் குடும்பமாக இருந்தால் ஜகாத்திலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகாவிலிருந்தும் உதவலாம்.
3. அட்டை, உதவித்தொகை மனுக்களை நிரப்பித் தர, படித்த இளைஞர்கள் இருவரைப் பொறுப்பாக்கலாம்.
4. பள்ளிவாசலில் ஒரு சரிவுப் பாதையும், பிடித்து உட்காரக் கைப்பிடி உள்ள கழிப்பறையும் கட்டலாம். முதியவர்களுக்கும் பயன்படும்.
5. ஆண்டுக்கு ஒரு ஜும்ஆ பயானை இதற்கு ஒதுக்கலாம்.

வழிகாட்டக் கூடிய நிறுவனங்களும் தமிழகத்தில் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் இயங்குகிறது. அதை நிறுவிய எஸ்.ராமகிருஷ்ணன், இளம் வயதில் தண்டுவடக் காயத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். சென்னையில் 1985 முதல் வித்யாசாகர், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளோடு பணியாற்றுகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைகளும் பொதுப்பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. சைகை மொழியில் ஆழமாகக் கற்க வேண்டிய பிள்ளைக்கும், முழு நேரப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைக்கும் சிறப்புப் பள்ளியே நல்லதாக இருக்கலாம். பிள்ளையின் நலன் பார்த்து முடிவு செய்யுங்கள். பள்ளி நிர்வாகத்தின் வசதிக்காகவோ, ஊர்ப் பேச்சுக்குப் பயந்தோ முடிவு செய்யாதீர்கள்.

அந்தச் சிறுவன் இப்போது நம் மக்தபில் முன் வரிசையில் உட்காருகிறான். கண்ணும் காதும் நன்றாக இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. அவனுடைய தாய் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வட்டார வள மையத்துக்கு வந்தார். சிறப்பாசிரியர் சொன்னபடி வீட்டில் தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்து வாசிக்க வைக்கிறார்கள். இன்னும் வேகமாக வாசிக்க வரவில்லை. பே எது, தே எது என்று இப்போது சொல்லி விடுகிறான். ஸே இன்னும் சில நாள் தடுமாறுகிறது. காத்திருக்கிறோம். அவனுடைய மாமாவிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் விடுங்க ஹஜ்ரத்" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, உங்கள் வகுப்பிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் இந்த வாரமே முதல் அடியை எடுத்து வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! அவர்களைச் சுமையாகக் கருதாமல் அமானிதமாகப் பேணும் உள்ளத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.